அருணையில் டப்பா தேடல்: சிக்கன நோக்கில் ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

யாரோ ஒளித்து வைத்த டப்பாவைத் தேடிப் பிடித்து, உள்ளே இருக்கும் காகிதத்தில் பெயரெழுதி, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவது ஜியோகேச்சிங் எனப்படும். டப்பா இருக்குமிடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டும் இணையத்தில் கிடைக்கும். டப்பாவை வைத்துவிட்டு வந்தால் விளையாட்டு. தூக்கிக்கொண்டு வந்தால் திருட்டு. இந்த விளையாட்டைத் தொடங்க என்ன செலவாகும், அச்செலவை ஒரு திருவண்ணாமலைவாசியின் மாதக் கடைசி தாங்குமா என்பதே இங்கு எடுத்துக்கொண்ட சிக்கல். இத்தலைப்புக்குப் போட்டியாளர் எவரும் வராததால், துறையின் மூத்த அறிஞர் என்ற இடம் இவ்வாய்வாளருக்கே வந்து சேர்ந்தது.

2. வரலாற்றுப் பின்புலம்

ஜி.பி.எஸ். சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்க அரசு நீக்கியது. அதுவரை நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டிய கருவிகள் ஒரே இரவில் திருந்தின. மே 3 அன்று ஆரெகன் மாநிலத்தில் டேவ் அல்மர் என்பவர் ஒரு கறுப்பு வாளியைப் பாதியளவு மண்ணில் புதைத்து, அதன் இருப்பிடத்தை இணையத்தில் அறிவித்தார். வாளிக்குள் புத்தகம், வீடியோ கேசட், கவண், ஒரு டின் பீன்ஸ்.

பின்னாளில் வகுத்த விதிகளில் இரண்டு: மண்ணில் புதைக்கக் கூடாது, தின்பொருள் வைக்கக் கூடாது. ஆதி வாளி இரண்டையும் மீறியிருக்கிறது. இலக்கியம் முந்தியது, இலக்கணம் பிந்தியது என்று தமிழறிந்தோர் இதைப் பொறுத்துக்கொள்வர்.

3. கருவிகள்

இடமறியும் கலை நம் மாநிலத்தில் தொடங்கியபோது அது சிக்கனமாக இல்லை. 1802இல் பரங்கிமலையிலிருந்து நில அளவையைத் தொடங்கிய லாம்டன், அரை டன் எடையுள்ள தியோடலைட்டைச் சுமக்க வைத்து ஊர் ஊராகப் போனார். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் அதைக் கயிறு கட்டி ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி மோதிச் சேதமடைந்தது. கையிலிருந்து நழுவிய செல்போனுக்காக அழுகிறவர்கள் இந்நிகழ்ச்சியை எண்ணி ஆறுதல் கொள்ளலாம்.

இன்று தேவைப்படுவன: ஏற்கெனவே வாங்கித் தவணை கட்டிக்கொண்டிருக்கும் செல்போன், ஒரு பேனா, கால்கள். கட்டணமில்லா உறுப்பினராகவே தொடங்கலாம். ஆண்ட்ராய்டு போனுக்கு சி:ஜியோ என்ற இலவசச் செயலி உண்டு. திறந்த வெளியில் போன் ஏறத்தாழ ஐந்து மீட்டருக்குள் இடம் காட்டும். 217 அடி ராஜகோபுரத்தின் நிழலிலோ, மலையை ஒட்டிய சந்திலோ நின்றால் வானத்தில் ஒரு பாதி கல்லாகிவிடும். அங்கே போன் காட்டும் இடத்தைவிடப் பூக்காரம்மா காட்டும் இடமே நம்பத்தக்கது.

டப்பா வைக்க விரும்புவோர் கடைகளில் விற்கும் சிறப்புப் பெட்டிகளை நாட வேண்டியதில்லை. மேல்நாட்டார் போற்றும் ஃபிலிம் ரோல் டப்பாவுக்கு நிகராகத் தேரடி வீதியில் குங்குமச் சிமிழ் கிடைக்கிறது. மூடி இறுக்கமாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

4. ஆய்வுக் களம்

ஒரு டப்பாவின் குறிப்பு அடுத்த டப்பாவுக்கு வழிகாட்ட, கடைசியில் முடிவுக்கு வருவதைத் தொடர்த் தேடல் என்பர். கிரிவலப் பாதையின் எட்டு லிங்கங்கள் இவ்வகைக்கு முன்மாதிரி. இந்திரன் கிழக்கு, அக்னி தென்கிழக்கு, எமன் தெற்கு, நிருதி தென்மேற்கு என்று ஈசானியம் வரை திசைக்கு ஒருவர் காவலிருக்கிறார். செயற்கைக்கோள் உதவியில்லை, சந்தா இல்லை, பேட்டரியும் தீராது.

இரண்டு டப்பாக்களுக்கு இடையே குறைந்தது 161 மீட்டர் வேண்டும் என்பது உலக விதி. 14 கிலோமீட்டரில் எட்டு லிங்கம் என்றால் சராசரி இடைவெளி ஒன்றே முக்கால் கிலோமீட்டர். முன்னோர் இவ்விதியைப் பத்து மடங்குக்கு மேலாகவே மதித்திருக்கிறார்கள்.

ஒவ்வொரு டப்பாவுக்கும் தேடல் கடினம், தளக் கடினம் என இரண்டு மதிப்பெண்கள், 1 முதல் 5 வரை உண்டு. குறுகிய இடுக்கில் நுழைந்து வெளிவர வேண்டிய இடுக்குப் பிள்ளையாருக்குத் தேடல் கடினம் 1. கூட்டமே கொண்டுபோய் விட்டுவிடும். தளக் கடினமோ நுழைபவரின் இடுப்பைப் பொறுத்து 1 முதல் 5 வரை மாறுகிறது. ஒரே இடத்துக்கு ஆளுக்கொரு மதிப்பெண் போட நேரும் என்று விதி வகுத்தவர்கள் நினைத்துப் பார்த்திருக்கமாட்டார்கள்.

5. இடர்கள்

பிறர் கண்ணில் படாமல் தேட வேண்டும் என்பது மரபு. பௌர்ணமி இரவில் லட்சக்கணக்கானோர் நடக்கும் பாதையில் இது நடவாது. குனிந்து தேடத் தொடங்கினால் நாலு பேர் கூடி, "என்ன சார் தொலைச்சீங்க?" என்று சேர்ந்து தேடுவார்கள். மனிதர் விட்டதைக் குரங்குகள் பார்த்துக்கொள்ளும்.

கேட்பாரற்ற டப்பா பாதுகாப்புச் சிக்கலும் ஆகும். 2011இல் இங்கிலாந்தின் வெதர்பி நகரில் ஒரு ஜியோகேச்சிங் டப்பாவை வெடிகுண்டு என்று சந்தேகித்து ராணுவத்தினர் வந்து வெடிக்கச் செய்தார்கள். எனவே கோயில், ரயில் நிலையம், பேருந்து நிலையம் ஆகியவற்றின் பக்கம் சிமிழைக் கொண்டுபோகவே கூடாது. மலையேற வனத்துறை அனுமதி வேண்டும். வேறெங்கு வைத்தாலும் இடத்துக்கு உரியவரிடம் கேட்டே வைக்க வேண்டும்.

இந்தச் சிக்கல்கள் இல்லாத எர்த்கேச் என்றொரு வகையும் உண்டு. அதில் டப்பாவே கிடையாது. நிலவியல் சிறப்புள்ள ஓரிடத்துக்குப் போய்ப் பாறையைப் பார்த்துக் கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். பாறைக்குக் குறைவில்லாத ஊரில், சிமிழ்ச் செலவும் மிச்சம்.

6. முதன்மைச் சான்று

சோதியாக நின்ற சிவனின் அடிமுடி தேடிய தலம் இது என்கிறது தலபுராணம். பன்றியாகி மண்ணைக் குடைந்த திருமால் திரும்பி வந்து, "கிடைக்கவில்லை" என்று ஒப்புக்கொண்டார். அன்னமாகிப் பறந்த பிரம்மன், முடியிலிருந்து விழுந்துகொண்டிருந்த தாழம்பூவைச் சாட்சிக்கு அழைத்து வந்து, "கண்டேன்" என்றார். உலகின் முதல் பொய்ப்பதிவு இதுவே.

டப்பாவுக்குள் இருக்கும் காகிதத்தில் பெயர் இல்லாவிட்டால், இணையத்தில் போட்ட பதிவை டப்பாக்காரர் நீக்கலாம் என்பது இன்றைய விதி. அன்றைய டப்பாக்காரர் அதோடு விடவில்லை: பிரம்மனுக்குக் கோயில் இல்லை, தாழம்பூவுக்குப் பூசையில் இடமில்லை என்று சபித்தார். ஜியோகேச்சிங் தளத்தில் "கிடைக்கவில்லை" என்ற பதிவுக்கு நீல நிற வாடிய முகம் அடையாளமாக இருக்கிறது. திருமாலுக்குரிய அந்நிறம் தற்செயலாக அமைந்தது என்பதை இவ்வாய்வு ஏற்க மறுக்கிறது.

7. முடிவுரை

செலவுக் கணக்கு வருமாறு: பேனாவும் சிமிழும் ஒரு டீக்காசுக்குள் அடங்கும். போக்குவரத்து, நடந்தால் சுழியம். பெண்களுக்கு 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்திலும் சுழியம். ஆகவே பணம் இல்லை என்பதைக் காரணம் காட்டி இத்துறைக்கு வராமலிருக்க எவருக்கும் வழியில்லை.

தொடங்குவோருக்கு ஒரே பரிந்துரை. தேடிய டப்பா அகப்படாவிட்டால், "கிடைக்கவில்லை" என்றே எழுதுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. அடுத்து வருபவருக்கும் அலைச்சல் மிச்சமாகும்.