வண்டிக்குத் தங்கச் செயின்

ஏண்டா தம்பி, வாசல் பூரா சாமானப் பரப்பிக்கினு இன்னா பண்ற? கைக்கு ஒற, தலைக்கு லைட்டு, செல்போனுக்கு ஒரு முக்காலி. முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரி டாக்டருதான் வந்துட்டாரோன்னு பாத்தேன். செயின் மாத்துறியா?

மாத்து. வீட்டுல மாத்துறது தப்பே இல்ல. கெணத்துல கவல ஓட்டுன காலத்துல வடம் அறுந்தா, விழுப்புரத்துக்கா ஓடுனோம்?

அது இன்னாடா, மஞ்சளா மின்னுது? ஒங்கம்மா கழுத்துல மஞ்சக்கயிறு, வண்டிக்குத் தங்கச் செயினா? கோயமுத்தூர்லயும் அம்பத்தூர்லயும் நம்மாளுங்க கறுப்பா, கெட்டியா செஞ்சி விக்கிறது ஒனக்கு ஆவாது.

சரி, பல்சக்கரம் எங்க? வாங்கலியா? பழசத் தொட்டுப் பாரு. பல்லு ஒவ்வொண்ணும் கருக்கருவா மாதிரி சாஞ்சிக் கெடக்கு. தேஞ்ச உருளையில புது வடம் போட்டா ஒரு போகம் தாங்குமா? முன் பல்சக்கரம், பின் பல்சக்கரம், செயின், மூணும் ஒண்ணாத்தான் மாத்தணும். கடக்காரன் செட்டா விக்கிறது ஒன் காசப் புடுங்க இல்லடா.

செயின் நீண்டுபோச்சாம். இரும்பு இன்னா ரப்பரா? ஒவ்வொரு கண்ணியிலயும் ஊசி உள்ளாற தேயுது. மயிரெழ மயிரெழயா நூறு கண்ணியில சேந்தா, நீளாம இன்னா பண்ணும்? ஒரு கண்ணி 12.7 மில்லிமீட்டராம், ஒன் போன் சொல்லுது. அர இஞ்சின்னு நான் எப்பவோ சொல்லிட்டேன்.

ரெண்டு வருசமா மரக்காணத்து உப்புக் காத்துல ஓட்டுனியே, ஒரு நாளு மண்ணெண்ணெ போட்டுத் தொடச்சியா? தொண்ணூறாம் நம்பர் கியர் ஆயில் நாலு சொட்டு வுட்டியா? ஒன் தலைக்கு மட்டும் தெனம் எண்ணெ! தொடைக்கிறப்ப இஞ்சின ஓடவுட்டு, கியர்ல போட்டுத் துணிய வைக்காத. கையில பத்து வெரலு இருக்குல்ல, இருந்துட்டுப் போவட்டும்.

அய்யய்ய, இன்னாத்துக்கு இப்படி முறுக்குற? கூத்துக்கு மத்தளமா கட்டுற? ஆளு ஏறி ஒக்காந்தா பின்சக்கரம் நவுரும். அப்ப செயினுக்கு எடம் வேணாமா? இல்லன்னா பேரிங்கத் தின்னும். கீழ்ப்பக்கம் நடுவுல வெரல வச்சித் தூக்கு. ஒண்ணு, ஒண்ணர வெரக்கட ஆடணும். வண்டிப் பொஸ்தகத்துல அளவு போட்டிருக்கும், அத ஒரு தடவ தொறந்தா பாவம் ஒண்ணும் வராது. ரெண்டு பக்கமும் கோடு இருக்கு பாரு, ரெண்டும் ஒரே எண்ணிக்கையில நிக்கணும். இல்லன்னா சக்கரம் கோணிக்கினு போவும், கள்ளு குடிச்ச மாடாட்டம்.

முறுக்குறதுக்கு முன்னாலயே, செயின் சேர்ற எடத்துல அந்தச் சின்ன லாக்கப் போடணும். மீனு மாதிரி இருக்கும். செயின் ஓடுற பக்கம் மூடுன தல, பின்னால தொறந்த வாலு. திருப்பிப் போட்டா கூட்டேரிப்பட்டு தாண்டுறதுக்குள்ள கழண்டு நிப்ப. அப்பறம் திண்டிவனம் வரைக்கும் தள்ளிக்கினு போவ வேண்டியதுதான், தங்கச் செயின கழுத்துல மாட்டிக்கினு.

எங்கடா லாக்கு? இப்பத்தான இங்க வச்ச?

டேய், அந்தச் செவலக் கோழியப் புடி!