இருபத்து மூன்றரை சென்ட்

"எப்படி இருக்கீங்க?" என்று யாராவது கேட்டால் நம்மாள் "இருபத்து மூன்றரை" என்பார்.

9 மில்லிமீட்டர் தோட்டா ஒன்றுக்கு அந்த வாரம் அவர் கொடுத்த விலை அது, சென்டில். டெக்சாஸில் எந்தத் துப்பாக்கி சுடும் தளத்துக்குச் சனிக்கிழமை காலையில் போனாலும் அவர் வரவேற்பறையில் உட்கார்ந்திருப்பார். தலையில் ஏதோ ஒரு தோட்டாக் கம்பெனி இலவசமாகக் கொடுத்த தொப்பி. காதுக்கவசம் ஒரு காதில் மட்டும். இன்னொரு காது, உள்ளே வருகிறவர் என்ன விலைக்கு வாங்கினார் என்று கேட்பதற்காகத் திறந்தே இருக்கும்.

பெட்டி விலை என்பது அவருக்கு ஆகாத சங்கதி. 50 தோட்டா 12 டாலர் 99 சென்ட் என்று கடைக்காரர் சொன்னால், ஏதோ புரியாத பாஷையில் திட்டியதுபோல முகம் சுளிப்பார். கைபேசியை எடுத்து வகுத்து 25.98 என்று கண்ணால் பார்த்த பிறகுதான் அது விலை. அதன்மேல் விற்பனை வரி 8.25 சதவீதம் ஏற்றி 28.12 என்று காட்டிப் பெருமூச்சு விடுவார். இணையத்தில் ஆயிரம் தோட்டா 219 டாலர், அனுப்பும் செலவு 16 டாலர், ஆக 23.5. இதற்கு வரி? "அது கவர்ன்மென்ட் கணக்கு, அதை ஏன் இதில் கொண்டுவரணும்?" வரியைச் சேர்ப்பது அவர் வாங்காத கடைகளுக்கு மட்டும்தான்.

கழிக்கிற விஷயத்திலும் அதே நியாயம். சில கம்பெனிகள் பெட்டியிலுள்ள கோட்டுக்குறியை வெட்டித் தபாலில் அனுப்பினால் பெட்டிக்கு இரண்டு டாலர் திருப்பித் தருவதாகச் சொல்லும். நம்மாள் வாங்கிய நிமிடமே அந்த இரண்டு டாலரைக் கழித்துவிடுவார். வெட்டிய அட்டைத் துண்டுகள் சமையலறை இழுப்பறையில் இருக்கின்றன. பாதிக்கு மேல் கெடு முடிந்தவை. அவருடைய கணக்கில் அந்தப் பணமெல்லாம் எப்போதோ வந்து சேர்ந்துவிட்டது.

போன மாதம் 40 மைல் தள்ளி ஒரு சிற்றூர்க் கடையில் தோட்டாவுக்கு ஒரு சென்ட் குறைவு என்று கேள்விப்பட்டார். போனார். ஆளுக்கு ஐந்து பெட்டிக்கு மேல் கிடையாது என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். ஐந்து பெட்டி என்றால் 250 தோட்டா. மிச்சம் இரண்டரை டாலர். போக வர 80 மைலுக்கு அவருடைய பிக்கப் வண்டி மூன்று காலனுக்கு மேல் பெட்ரோல் குடித்திருக்கும், வழியில் ஒரு பர்கர் வேறு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். அதை யாராவது எடுத்துச் சொன்னால், "பெட்ரோல் வேற பட்ஜெட்" என்பார்.

இந்த வியாதி தோட்டாவோடு நின்றிருந்தால் வீட்டில் நிம்மதி இருந்திருக்கும். கழிவறைக் காகிதம் தாளுக்கு இத்தனை சென்ட், முட்டை கிராமுக்கு இத்தனை, நாய்த்தீனி வாய்க்கு இத்தனை. நாய் ஒரு வாய்க்கு எவ்வளவு தின்கிறது என்று அளக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தராசோடு உட்கார்ந்திருந்தார். கல்யாண நாளன்று அவர் கைபேசியை எடுத்தபோது மனைவி முந்திக்கொண்டார்: "நாளுக்கு எத்தனை ஆச்சுன்னு மட்டும் சொல்லிடாதே." நம்மாள் கைபேசியை மடியில் வைத்துவிட்டார். மனத்துக்குள் வகுத்திருப்பார்.

ஒன்று சொல்ல வேண்டும்: விஷயம் தெரிந்தவர். பயிற்சிக்கு என்ன தோட்டா வாங்கலாம் என்று புதிதாக வருகிற ஒருவர் கேட்டால், அவர் சொல்வதில் ஒரு சொல்கூடப் பிழை இருக்காது. ஈயக் குண்டின் மேல் செம்புத் தோல் போர்த்திய சாதாரண வகை போதும். தற்காப்புக்கு வைத்திருக்கும் குழிமுனைத் தோட்டாவைக் காகித இலக்கில் சுட்டுத் தீர்ப்பது பணத்துக்குப் பிடித்த கேடு. குண்டின் எடை 115 அல்லது 124 கிரெயின். (7,000 கிரெயின் ஒரு பவுண்டு, 115 என்றால் ஏழரை கிராமுக்குக் கொஞ்சம் குறைவு.) தற்காப்புத் தோட்டா 124 என்றால் பயிற்சியும் 124-லேயே செய்வது நல்லது, கைக்கு உதை ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும். கூடு பித்தளையாக இருக்கட்டும். பேர் தெரிந்த தொழிற்சாலைச் சரக்காக இருக்கட்டும்: மின்னசோட்டாவின் ஃபெடரல், ஐடஹோவிலிருந்து வரும் பிளேஸர் பிராஸ், கொரியாவின் பி.எம்.சி., பிரேசிலின் மேக்டெக், 1825-இல் பிராகில் தொடங்கிய செல்லியர் அண்ட் பெலோ, 1876-லிருந்து இத்தாலியில் இருக்கும் ஃபியோக்கி. முதலில் ஒரே ஒரு பெட்டி வாங்கி உன் துப்பாக்கியில் போட்டுப் பார். ஐம்பதும் இடறாமல் ஓடினால் பிறகு பெட்டகமாக வாங்கு, முடிந்தால் ஒரே தயாரிப்பு எண்ணில்.

மூச்சு விடாமல் இதைச் சொல்வார். தான் வாங்கப் போகும்போது இதில் ஒன்றுகூட நினைவுக்கு வராது.

மலிவு என்றால் அவர் கண்ணுக்கு வேறெதுவும் தெரியாது. ரஷ்யாவின் தூலா நகரத்திலிருந்து இரும்புக் கூட்டுத் தோட்டாக்கள் வந்துகொண்டிருந்த காலம் அவருடைய பொற்காலம். பித்தளையைவிட விலை குறைவு. சில துப்பாக்கிகளுக்குப் பிடிக்கும், சிலவற்றுக்குப் பிடிக்காது. அவருடையதற்குப் பிடிக்கவில்லை. பத்துக்கு ஒன்று மாட்டிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் மேகசினைக் கழற்றி, ஸ்லைடை இழுத்து, குனிந்து பார்த்து, "சுத்தம் பண்ணணும்" என்பார். அந்தத் துப்பாக்கியைப்போல் சுத்தம் செய்யப்பட்ட துப்பாக்கி அந்த வட்டாரத்தில் கிடையாது. உலக அரசியலில் ஒரு துளி ஈடுபாடும் இல்லாத மனிதர், 2021 ஆகஸ்ட்டில் திடீரென்று நவால்னியைப் பற்றிப் பேசத் தொடங்கினார். ரஷ்ய எதிர்க்கட்சித் தலைவர் அலெக்ஸி நவால்னிக்கு விஷம் வைத்த விவகாரத்துக்காக அமெரிக்க வெளியுறவுத் துறை ரஷ்யத் தோட்டா இறக்குமதிக்குப் புதிய அனுமதி கிடையாது என்று அறிவித்திருந்தது. சைபீரிய விமானம், நோவிசோக் ரசாயனம் எல்லாம் நம்மாளுக்கு நுனிநாக்கில். "அந்த மனுஷனுக்கு அப்படிச் செஞ்சிருக்கக் கூடாது" என்றார் உருக்கமாக. விலை நான்கு சென்ட் ஏறியிருந்தது.

சாவிக்கொத்தில் ஒரு காந்தம் தொங்கும். இரும்பு கலந்த தோல் போட்ட குண்டுகளைப் பல உள்ளரங்கத் தளங்கள் அனுமதிப்பதில்லை. பின்சுவரின் எஃகுத் தகட்டில் பட்டுத் தீப்பொறி பறக்கும், தகடும் பழுதாகும். அதனால் வாசலிலேயே காந்தம் வைத்துப் பார்ப்பார்கள். நம்மாள் கடையிலேயே பார்த்துவிடுவார். காலிக்கூடு பொறுக்குவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்தப் பக்கம் போதாது, விட்டுவிடுவோம்.

வால்மார்ட்டை விட முடியாது. பல வருடம் அதுதான் அவருக்குக் கோயில். சனிக்கிழமை விடிந்ததும் விளையாட்டுச் சாமான் பகுதியில் போய் நிற்பார். நூறு தோட்டா கொண்ட வின்செஸ்டர் வெள்ளைப் பெட்டியை எடுத்து ஒரு முறை கன்னத்தில் வைத்துப் பார்க்காத குறை. 2019 ஆகஸ்ட் 3 அன்று இதே டெக்சாஸில், எல் பாசோ வால்மார்ட்டில், ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்தான். 23 உயிர்கள் போயின. ஒரு மாதம் கழித்து, கைத்துப்பாக்கித் தோட்டா விற்பனையைக் கைவிடுவதாகவும், இருப்பு தீரும்வரை மட்டும் விற்பதாகவும் வால்மார்ட் அறிவித்தது. அந்த அறிவிப்பில் நம்மாளின் கண்ணில் பட்டது "இருப்பு தீரும்வரை" மட்டுமே. இரண்டே நாளில் நான்கு ஊர் வால்மார்ட்டுக்குப் போய் வந்தார். "ஒரு சகாப்தம் முடிஞ்சது" என்று கண்கலங்கினார். அவரைக் கல்நெஞ்சர் என்று சொல்லிவிட முடியாது, எல் பாசோவுக்கு நன்கொடையும் அனுப்பியவர்தான். ஆனாலும் அந்த வாரத்தில் அந்தக் கண்ணீரைப் பார்த்தவர்களுக்கு அவரோடு காபி குடிக்கப் பிடிக்கவில்லை.

மறுவருடம் எல்லோருக்கும் அவர் தேவைப்பட்டார். 2020-இல் கொள்ளைநோய், கலவரம், தேர்தல் எல்லாம் ஒன்றாக வந்ததில் துப்பாக்கி வாங்குவோர் கூட்டம் அலைமோதியது. எஃப்.பி.ஐ. செய்த பின்னணிச் சரிபார்ப்புகள் அந்த ஒரே வருடத்தில் 3.9 கோடியைத் தாண்டின. இருபது சென்டுக்குள் கிடைத்த 9 மில்லிமீட்டர் தோட்டா எழுபது சென்டைத் தாண்டியும் கையில் கிடைக்கவில்லை. நம்மாளின் கார் கொட்டகையிலோ சுவர் தெரியாத அளவுக்குப் பெட்டகங்கள். ஆயிரம் தோட்டா ஏறக்குறைய 12 கிலோ; அங்கே ஒரு யானை படுத்திருந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

இரவுப்பணி முடித்துத் தனியாக வீடு திரும்பும் இளம்பெண் ஒருத்தி, புதிதாகத் துப்பாக்கி வாங்கியவள், ஒரு பெட்டி தோட்டாவுக்காக ஆறு கடை ஏறி இறங்கிவிட்டுத் தளத்து வரவேற்பறையில் சோர்ந்து உட்கார்ந்திருந்தாள். நம்மாள் எழுந்து போனார். அரைமணியில் இரண்டு பெட்டியோடு திரும்பினார், கூடவே பழைய ரசீதும். 2019-இல் வாங்கியது, தோட்டாவுக்கு 17.4 சென்ட். அன்றைய சந்தையில் எழுபது டாலருக்கு மேல் போகிற சரக்கு. அவள் இருபது டாலர் தாளை நீட்டி மீதி வேண்டாம் என்றாள். அவர் விடவில்லை. இரண்டு டாலர் அறுபது சென்டையும் எண்ணி அவள் கையில் வைத்தார். சுட்டு முடித்ததும் கையைக் குளிர்ந்த தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார், ஈயத்தூள் போக. பிறகு மூன்று மாதம் வாராவாரம் அவளுக்கு அதே விலையில் இரண்டு பெட்டி வந்தது. அவர் யாரிடமும் வலியப் போய் விலையைச் சொல்லாத ஒரே கொடுக்கல் வாங்கல் அதுதான்.

இதை எழுதியதோடு நிறுத்தலாம் என்றால், அந்த ஜிப் பை இருக்கிறது.

யாரோ தெரிந்தவர் வீட்டு மேசையில் மறுபடி அடைத்த தோட்டாக்கள். நூறு, 14 டாலர். தொழிற்சாலைப் பெட்டி இல்லை, தயாரிப்பு எண் இல்லை, எவ்வளவு மருந்து போட்டார் என்ற குறிப்பு இல்லை. நாற்பதாவதோ ஐம்பதாவதோ சுடும்போது 'டமால்' வரவேண்டிய இடத்தில் நமுத்த பட்டாசுபோல 'புஸ்' என்று ஒரு சத்தம். ஸ்லைடு பின்னால் வரவில்லை. நம்மாள் அதைக் கையால் இழுத்து அடுத்ததை ஏற்றி, விரலைக் குதிரையில் வைத்துவிட்டார். தளத்துப் பொறுப்பாளர் பாய்ந்து வந்து "நிறுத்து!" என்று கத்தினார். கழற்றிப் பார்த்தால் குழலின் நடுவில் குண்டு நிற்கிறது. மருந்தே இல்லாத தோட்டா. பிரைமர் மட்டும் வெடித்துக் குண்டைப் பாதி வழிக்குத் தள்ளியிருக்கிறது. 9 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு அமெரிக்கத் தரத்தில் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. அந்த அடைப்பின் பின்னால் இன்னொன்று வெடித்திருந்தால் குழல் வீங்கியிருக்கும், அல்லது பிளந்திருக்கும்.

இந்த இடத்தில் சிரிக்க முடியவில்லை. அவருக்கும் பக்கத்துத் தடத்தில் நிற்பவருக்கும் நடுவே ஒரு தடுப்புப் பலகைதான் இருக்கிறது. ஒன்பதரை சென்ட் லாபம் அவருக்கு, சிதறுகிற துண்டு மற்றவர்களுக்கு. கஞ்சத்தனத்தை வீட்டில் வைத்துக்கொள்ளலாம், சுடுகிற வரிசைக்குக் கொண்டுவரக் கூடாது. யார் அடைத்தது என்று தெரியாத தோட்டாவை வாங்காதே என்று ஊருக்கெல்லாம் சொன்னவரும் இவரேதான்.

பொறுப்பாளர் அந்தப் பையைப் பறிமுதல் செய்தபோது நம்மாள் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார். கை நடுங்கியது. ஐந்து நிமிடம் கழித்து மெல்லச் சொன்னார்: "அந்த ஒண்ணைக் கழிச்சுட்டா 99. அப்பக்கூட 14.14தான் வருது."

அன்று அந்த இளம்பெண்ணும் அங்கே இருந்தாள். இப்போது நன்றாகச் சுடுவாள். அவள் ஒரு காகிதத்தை எடுத்து அவர் முன்னால் வைத்துக் கேட்டாள்: "இங்க ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு கட்டுறீங்க?" இருபது டாலர். "அந்த ஒரு மணியில் எத்தனை சுடுறீங்க?" விலை விசாரித்தது போக, மாட்டியதை எடுத்தது போக, ஐம்பது. அவள் வகுத்தாள். தடத்துக் கட்டணம் மட்டும் தோட்டாவுக்கு 40 சென்ட். சரக்கின் விலை 23.5 சேர்த்தால் 63.5.

இத்தனை வருடமும் இந்தக் கட்டணம் அவர் கணக்கில் வந்ததே இல்லை. வெகுநேரம் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்துபோய் வருட உறுப்பினர் கட்டணம் எவ்வளவு என்று விசாரித்தார். 300 டாலர், எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் சுடலாம். அதைத் தோட்டாவுக்கு ஒரு சென்டாக இறக்க வருடத்துக்கு 30,000 சுட வேண்டும் என்று கைபேசி சொன்னது. அன்று மாலையே முப்பதாயிரம் தோட்டாவுக்கு மொத்த விலை கேட்டு ஐந்து கடைகளுக்கு மின்னஞ்சல் போயிருக்கிறது.