சீசனில் ஒரு ‘டொங்’

கார் வைத்திருக்கும் குடும்பத் தலைவனுக்கு அந்தக் காரில் உள்ள உரிமைகள் இரண்டு: தவணை கட்டலாம், பெட்ரோல் போடலாம். எந்தப் பாட்டு ஓட வேண்டும், எந்த அருவிக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் பின்சீட்டில் முடிவாகிவிடும். வீடு சுந்தரபாண்டியபுரத்தில் இருந்துவிட்டால் கூடுதலாக ஒரு கடமையும் சேரும். ஜூன் பிறந்து குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்ததும், அதுவரை கல்யாணப் பத்திரிகையில் மட்டும் சொந்தமாக இருந்தவர்கள் நேரிலேயே வந்து இறங்குவார்கள். அவர்களை அள்ளிப்போட்டுக்கொண்டு ஐந்தருவி, பழைய குற்றாலம், பிரானூரில் பார்டர் பரோட்டா என்று சுற்றிவிட்டு ஊர் திரும்பினால் சூரியகாந்தி வயல். ‘ரோஜா’ (1992) படத்து நாயகிக்கு ஊர் இதுதான் என்று பெருமையாகச் சொல்ல வேண்டும். ‘அந்நியன்’ (2005) பாட்டுக்காகப் பெயின்ட் அடித்த பாறை முன்னால் எல்லாரையும் நிறுத்திப் படம் எடுக்க வேண்டும். எடுப்பவன் நான் என்பதால் எந்தப் படத்திலும் நான் கிடையாது.

இப்படிப் படத்தில் விழாமல் பாரம் சுமக்கும் இன்னொரு ஜீவன் எங்கள் காரிலேயே இருக்கிறது என்பது சத்தம் வந்தபிறகுதான் தெரிந்தது. ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கினால் ‘டொக்’. நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கை ஒடித்தால் ‘டொங்’.

உடனே வீட்டில் ஆலோசனைக் கூட்டம். “லிங்க் ராடு அத்தான், சந்தேகமே இல்ல” என்றான் மச்சினன். அவன் எதையும் சந்தேகப்பட்டு நான் பார்த்ததில்லை. வந்தவர்கள் கண் பட்டுவிட்டது, எலுமிச்சம்பழத்தை மாற்றிக் கட்டு என்றாள் அம்மா. மனைவி கையை நீட்டிப் பாட்டின் சத்தத்தைக் கூட்டினாள். காசு செலவில்லாத ரிப்பேர் அது ஒன்றுதான். பாதி சீசன் அதிலேயே ஓடியது.

தென்காசி ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் தம்பி எதையும் கழற்றவில்லை. “அண்ணாச்சி, ஏறி ஸ்டீயரிங்க இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் மெள்ளத் திருப்புங்க” என்றார். நான் செருப்பை மாட்டுவதற்குள் மனைவி ஏறி உட்கார்ந்துவிட்டாள். எனவே எனக்குக் கிடைத்தது பானெட் பக்கம். ரப்பர் மூடியை எடுத்துவிட்டு, என் உள்ளங்கையை ஷாக் அப்சார்பரின் உச்சந்தலையில் வைத்தார். அவர் சக்கரத்தருகே குத்தவைத்து ஸ்பிரிங்கைப் பார்த்தார். ஸ்டீயரிங் திரும்பியது, ஸ்பிரிங் கூடவே வராமல் முறுக்கிக்கொண்டு நின்றது. பிறகு ‘டொங்’ என்று விடுபட்டு என் கையில் ஓர் உதை.

“பேரிங் இறுகிட்டு. மவுண்ட் ரப்பரும் கிழிஞ்சிருக்கும்லா.”

முன்சக்கரம் திரும்பும்போது ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்தே திரும்ப வேண்டும். அதற்கு வழிவிடுவது உச்சியில் உள்ள பேரிங். பள்ளத்தின் அடியைப் பாடியில் இறங்காமல் வாங்கிக்கொள்வது அதை ஒட்டிய மவுண்ட் ரப்பர். இந்த ஏற்பாட்டை 1940-களில் யோசித்தவர் ஏர்ல் மெக்ஃபர்சன் என்ற அமெரிக்க இன்ஜினீயர். செவ்ரலே கேடட் என்ற சின்னக் காருக்காக யோசித்தார். அந்தக் கார் கடைசிவரை விற்பனைக்கே வரவில்லை. ஃபோர்டுக்கு மாறியபின், 1950-ல் பிரிட்டனில் அறிமுகமான கான்சல் காரில் அது நிறைவேறியது. 1983-ல் வந்த மாருதி 800 அதை நம் தெருக்களுக்கும் கொண்டுவந்தது. மெக்ஃபர்சன் போட்ட எடைக் கணக்கில் என் கொழுந்தியாள் குடும்பம் இருந்திருக்க வழியில்லை.

சக்கரத்தைக் கழற்றி, கீழே இரண்டு போல்ட், மேலே மூன்று நட்டு எடுத்ததும் மொத்தத் தூணும் வெளியே வந்தது. ஸ்பிரிங்கின் இரு பக்கமும் இரும்புக் கொக்கிகளை மாட்டி, மாற்றி மாற்றி முடுக்கி அமுக்கினார்.

“நடு நட்ட மட்டும் இத அமுக்காமக் கழத்தப்படாது அண்ணாச்சி. ஆளையே அடிச்சித் தூக்கிரும்.”

அதன்பிறகு நடந்ததை நான் எதிர்ச்சாரி டீக்கடையிலிருந்து தைரியமாகக் கவனித்தேன்.

திரும்பிப் போனபோது பழைய மவுண்டைக் கையில் கொடுத்தார். இரும்பை விட்டுப் பிரிந்த ரப்பர், பித்தவெடிப்பு விழுந்த குதிங்காலாக இருந்தது. பேரிங்கைச் சுற்றினால் துருவும் மண்ணும் கரகரத்தன. புதியது ஒற்றை விரலுக்குச் சத்தமில்லாமல் சுற்றியது. குடும்பத் தலைவனின் பரம்பரைக் கேள்வியைக் கேட்டேன்: “ஒரு பக்கம் மட்டும் போட்டாப் போதாதா தம்பி?”

“ரெண்டுக்கும் ஒரே வயசுல்லா?”

இரண்டும் போட்டார். ரப்பரைவிடக் கூலி அதிகம். கழற்றி மாட்டினதால் வீல் அலைன்மென்டும் பார்க்க வேண்டும் என்றார். அதையும் பார்த்து முடிக்கையில், பார்டர் பரோட்டா இந்த சீசனுக்கு ரத்தானது என்று மனத்துக்குள் தீர்மானம் நிறைவேற்றினேன். பின்சீட்டு அதை ஏற்கவில்லை.

ஆனால் ஒரு லாபம். பழைய மவுண்டை டிவி மேஜையில் வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் பேரிங்கைச் சுற்றிக் காட்டுகிறேன். போன ஞாயிறு சூரியகாந்தி வயலோரம் கேரளப் பதிவெண் வண்டி ஒன்று ‘டொக்’ என்று குலுங்கி நின்றது. டிரைவரிடம் பானெட்டைத் திறக்கச் சொல்லப் போனேன்.

“விடுங்க, அவங்க பூப் பாக்க வந்திருக்காங்க” என்று மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

நானும் பூப் பார்ப்பதுபோல நின்று, அது கிளம்பும்வரை காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். மவுண்ட் இல்லை. லிங்க் ராடு. சந்தேகமே இல்லை.