மாடிக்கு வாருங்கள், மாற்றுத்திறனாளிகளே!

அரசாங்கத்துக்கு முதலில் ஒரு கும்பிடு. நடக்க முடியாதவரும் நஞ்சில்லாத காய்கறி தின்ன வேண்டும் என்று அதற்கு ஆசை. வளர்க்க வேண்டிய இடம் மட்டும் மொட்டை மாடி.

தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய மாடித்தோட்டத் திட்டத்தில் நகரவாசிகளுக்கு ஒரு தொகுப்பு தந்தார்கள். ஆறு வளர்ப்புப் பை, இரண்டு கிலோ தென்னைநார்க் கட்டி ஆறு, ஆறு வகை விதை, உயிர் உரம், வேப்பெண்ணெய் மருந்து, கையேடு. ஒரு கட்டத்தில் அதன் விலை 900 ரூபாய்; பாதி மானியம் போக 450. நல்ல திட்டம்தான். ஆனால் தீட்டியவர் மனசில் ஒரு பயில்வான் இருந்திருக்கிறார். அவர் படியேறுவார், குடம் சுமப்பார், குனிவார், குத்தவைப்பார், மூட்டுவலி என்றால் என்னவென்றே அறியமாட்டார். திருநெல்வேலியில் அப்பேர்ப்பட்டவரைத் தேடினால் போலீஸ் தேர்வு நடக்கும் மைதானத்தில் கிடைப்பார்.

டவுனில் ரதவீதிக்குப் பின்னால் உள்ள வளவுகளில் மாடிப்படியைப் பார்த்திருக்கிறீர்களா? நல்ல காலுள்ளவனே ஒருக்களித்துத்தான் ஏறுவான். சக்கர நாற்காலிக்காரர் என்ன செய்ய? “வீட்டுப் பிள்ளைகளை விட்டுத் தண்ணி ஊத்தச் சொல்லுங்க அண்ணாச்சி” என்று யோசனை வரும். அப்படியானால் செடி பிள்ளைகளுக்கு, காய் குடும்பத்துக்கு, மண்ணளையும் சுகம் பக்கத்து மாடிக்காரருக்கு. இவருக்கு மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3 அன்று மடியில் தொகுப்பை வைத்து எடுத்த போட்டோ.

இதில் ராக்கெட் விடுகிற வேலை ஒன்றும் இல்லை. மாடிக்குப் பதில் வாசலிலோ முற்றத்திலோ பையைத் தரையிலிருந்து ஒன்றரை அடி தூக்கி வைத்தால், நாற்காலியைப் பக்கவாட்டில் ஒட்டி நிறுத்திக் களை பறிக்கலாம். நேராக உட்கார்ந்து வேலை செய்ய வேண்டுமா? ஆழம் குறைந்த தட்டு போதும். கீரைக்கு அரை அடி மண் தாராளம். தட்டுக்கு அடியில் முழங்கால் நுழைய இரண்டேகால் அடி இடைவெளி, சுற்றிவர மூன்றடிப் பாதை, கைக்கெட்டும் உயரத்தில் குழாய். பிடிமானம் குறைந்த கைக்குத் தடித்த பிடி வைத்த கொத்து. பார்வையில்லாதவருக்குப் பைக்குப் பை தொட்டறிய ஓர் அடையாளம். வண்ணார்பேட்டையில் எந்த வெல்டிங் பட்டறையில் சொன்னாலும் சாயங்காலத்துக்குள் ஸ்டாண்டு ரெடி. நம் பாட்டன்மார் வாசலில் கட்டிய திண்ணையே ஏறக்குறைய அந்த ஒன்றரை அடி உயரம்தான். இது தெரிய எந்த அதிகாரியும் வெளிநாடு போய்ப் படித்துவர வேண்டாம்.

படிக்கப் போவதென்றாலும் பக்கத்துத் தென்காசி மாவட்டத்து ஆய்க்குடி வரை போனால் போதும். 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981-இல் அங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். கைகாலை நினைத்தபடி அசைக்க முடியாத மனிதர் ஒரு நிறுவனத்தையே எழுப்பினார். அவருக்கு 2020-இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். கைகால் திடமான நம் நிர்வாகத்துக்குத்தான் ஒரு பையை ஒன்றரை அடி உயர்த்தத் தெம்பில்லை.

சட்டம் இல்லையா? பேஷாக இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 37-ஆம் பிரிவில் வளர்ச்சித் திட்டங்களில் ஐந்து சதவீத ஒதுக்கீடு தருகிறது. 24-ஆம் பிரிவோ, மற்றவர்களுக்கான இதுபோன்ற திட்டங்களைவிட இவர்களுக்கான உதவி குறைந்தது 25 சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டும் என்கிறது. ‘பொருளாதார வசதிக்கு உட்பட்டு’ என்று ஒரு புறவாசலையும் அதிலேயே திறந்து வைத்தார்கள். அந்த வாசலுக்கு மட்டும் படியே கிடையாது. எந்தக் கோப்பும் வழுக்கிக்கொண்டு வெளியே போய்விடும். அணுகல் வசதி என்பது வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாய விதி வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமே ராஜீவ் ரத்தூரி வழக்கில் சொல்ல வேண்டியிருந்தது. அந்த மனு போட்டது 2005-இல். தென்னம்பிள்ளை நட்டிருந்தால் இத்தனை வருஷத்தில் எத்தனையோ வெட்டு இளநீர் குடித்திருக்கலாம்.

கணக்கு போடுவோம். மானியம் அந்த 450 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். அதில் 25 சதவீதம் 112 ரூபாய் 50 காசு. ஒரு ஸ்டாண்டுக்கு முன்பணம் அது. கருணை வேண்டாம், பொன்னாடை வேண்டாம், “தன்னம்பிக்கைச் செம்மல்” பட்டமும் வேண்டாம். பிச்சையாகவும் தர வேண்டாம்; பாக்கியாகத் தாருங்கள். அதற்கும் வசதி இல்லையென்றால் கையேட்டின் அட்டையில் பெரிய எழுத்தில் ஒரு வரி அச்சடித்துவிடுங்கள்: ‘கால் உள்ளவர்களுக்கு மட்டும்.’ அச்சுக்கூலி குறைவு. பொய் சொல்லும் செலவும் மிச்சம்.