நடுவர் நாற்காலியில் நெசவாளி

கேள்வி: எங்கள் பொதட்டூர்பேட்டையில் வார இறுதி ஹேக்கத்தான் நடத்த ஆசை. முதலில் எதை ஏற்பாடு செய்ய? பரிசா, பிரியாணியா?

பதில்: இரண்டுமல்ல, கேள்வியை. 2017இல் தொடங்கிய ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானில் மென்பொருள் இறுதிச்சுற்று 36 மணி நேரம்தான். ஆனால் கேள்விகளை அமைச்சகங்களும் துறைகளும் நிறுவனங்களும் முன்கூட்டியே தந்துவிடுகின்றன. உங்கள் விசைத்தறி ஊரில் கேள்விக்கா பஞ்சம்? பாவு நூல் அறுந்ததும் பழைய தறியை நிறுத்த ஒரு மலிவான கருவி என்ற கேள்வியே போதும், போட்டியிடும் மாணவர் தூக்கம் போய்விடும். (பிரியாணி எப்படியும் வந்துவிடும்.) இரண்டு நாளில் முழுக் கருவி முடியுமா என்பீர்கள். முடியாது, எது உதவாது என்பது மட்டும் தெளிவாகும், அது சில மாத வீண்செலவை மிச்சப்படுத்தும். எது உதவாது என்று சொல்லத் தறி ஓட்டுபவரே நடுவராக இருக்கட்டும். தேதியை ஆடிக்கிருத்திகையில் வைக்காதீர்கள். திருத்தணிக் காவடிக் கூட்டத்தில் நடுவர் காணாமல் போவார்.