ஏலத்துக்கு வந்த வீடு: கேள்வி-பதில்

கே: ஜே.பி. நகரில் பேங்க் ஏலத்துக்கு ஒரு ஃபிளாட் வந்திருக்கிறது. மேனேஜரிடம் பேசி விலையைக் குறைக்கலாமா? (வாசகி, அல்சூர்)

ப: முடியாது. 'ரிசர்வ் பிரைஸ்' என்று போட்டிருப்பதுதான் தொடக்கம். அங்கிருந்து ஏறத்தான் செய்யும். யாரும் கேட்காவிட்டால் வங்கியே விலையைக் குறைத்து மறு ஏலம் விடும். அவசரப்படாதவருக்குத்தான் அந்தச் சலுகை கிடைக்கும்.

கே: "பேங்கில் ஆள் இருக்கிறது, முடித்துத் தருகிறேன்" என்கிறார் புரோக்கர். நம்பலாமா? (வாசகர், கே.ஆர்.புரம்)

ப: ஏலம் நடப்பது ஆன்லைனில், ஆள் இருந்து என்ன ஆகப்போகிறது? பொதுத்துறை வங்கிகளின் 'பேங்க்நெட்' தளத்தில் நீங்களே பதிந்து, நீங்களே விலை கேட்கலாம். அக்கம்பக்கத்து விலை விசாரிக்க, பத்திர நகல் எடுக்க புரோக்கர் உதவுவார். அந்த உழைப்புக்குக் கமிஷன் கொடுங்கள். முன்பணம் மட்டும் ஏல அறிவிப்பில் உள்ள வங்கிக் கணக்குக்கே போகட்டும்.

கே: ஏலம் எடுத்த பிறகு லோன் போட்டுக்கொள்ளலாம்தானே? (வாசகர், விவேக் நகர்)

ப: லோனை முதலில் பேசி முடியுங்கள். ஜெயித்த அன்றோ அடுத்த வேலை நாளிலோ, முன்பணத்தையும் சேர்த்து 25 சதவீதம் கட்டியாக வேண்டும். விற்பனை உறுதியானதும் மீதிக்கு 15 நாள். வங்கி எழுத்தில் ஒப்புக்கொண்டால் மூன்று மாதம் வரை நீளும். தவறினால் கட்டியது போய்விடும். அந்தப் பறிமுதல் செல்லும் என்று 2024-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

கே: முக்கியமாக எதைப் பார்க்க வேண்டும்? (வாசகி, ஜாலஹள்ளி)

ப: சாவி யாரிடம் இருக்கிறது என்பதை. அறிவிப்பில் 'சிம்பாலிக் பொசஷன்' என்றிருந்தால் வீடு இன்னும் வங்கியின் கைக்கு வரவில்லை, உள்ளே ஆட்கள் குடியிருக்கலாம். அடுத்து கர்நாடகப் பதிவுத் துறையின் 'காவேரி' தளத்தில் வில்லங்கச் சான்று. மாநகராட்சியின் சொத்துப் பதிவான கட்டா 'ஏ'-வா 'பி'-யா. சொத்து வரி, மின்கட்டணம், அசோசியேஷன் மெயின்டனன்ஸ் பாக்கி. வங்கி விற்பது உள்ளது உள்ளபடி. பிறகு புகார் சொல்ல இடமில்லை.

கே: நொடித்துப்போனவர் வீட்டை வாங்குவது பாவமில்லையா? (வாசகர், சிவாஜி நகர்)

ப: இல்லை. அடமானச் சொத்தை வங்கி விற்க வழிசெய்யும் 2002-ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டப்படி அவருக்கு 60 நாள் நோட்டீஸ் உண்டு. கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் முறையிடும் உரிமையும் உண்டு. கடனும் செலவும் போக மிஞ்சும் தொகை அவருக்கே சேர வேண்டும். நீங்கள் கூடுதலாகக் கேட்கும் ஒவ்வொரு ரூபாயும் அவர் கடனைக் குறைக்கும், அல்லது அவர் கைக்கே போகும். நியாயமான விலைக்குத் துணிந்து கேளுங்கள்.