இயற்கைக் காப்பாளர் வாழ்க!

எத்தனையோ ஊர்கள் தங்கள் தகப்பன்மாரைக் கைவிட்டுவிட்டன. பாரிஸ்கூட விட்டுவிட்டது. விடாப்பிடியாக வைத்துக் காப்பாற்றுவது புதுச்சேரிதான். அதற்காகவே ஊருக்கு முதல் வணக்கம்.

1804-இல் நெப்போலியன் கொண்டுவந்த சிவில் சட்டம், கல்யாணம் நிலைத்திருக்கும் வரை பிள்ளைகள் மீதான அதிகாரம் தகப்பன் ஒருவனுக்கே என்று சொன்னது. தாய்க்கு மரியாதை உண்டு, அதிகாரம்தான் கிடையாது. பதினாறாம் வயதுக்குள் நுழையாத பிள்ளை அடங்கவில்லை என்றால் ஒரு மாதம் வரை அடைத்துவைக்கும்படி தகப்பன் கேட்கலாம். நீதிபதி உத்தரவு எழுதித் தர வேண்டியதுதான். இந்தச் சட்டம் 1819-இல் நம் கரைக்கு வந்து சேர்ந்தது. உள்ளூர் மக்கள் அப்போது அவரவர் வழக்கப்படியே இருந்தார்கள்.

1881 செப்டம்பர் 21-இல் வந்த ஆணைதான் கதவைத் திறந்தது. விருப்பப்பட்டவர்கள் தங்கள் சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்குள் போகலாம். அப்படிப் போனவர்கள் ரெனோன்சான்கள். முன்னால் நின்றவர் வக்கீல் பொன்னுத்தம்பி பிள்ளை; 1873-இல் ஷூ போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குள் வந்ததற்காகத் தண்டனை வாங்கி, பாரிஸ் வரை வழக்காடி ஜெயித்தவர். பிறகு லபோர்த் என்று பெயர் வைத்துக்கொண்டார். சாதியை உதறிவிட்டுச் சமத்துவத்துக்குள் நடந்துபோன பெரிய காரியம் அது. இதில் எனக்குக் கிண்டல் ஏதுமில்லை. என்னைச் சொக்கவைப்பது ஆணையின் இன்னொரு வரி: துறந்தவரோடு அவர் மனைவியும் வயது வராத பிள்ளைகளும் சேர்ந்தே மாறிவிடுவார்கள், திரும்பி வரவும் முடியாது. சமத்துவத்துக்குள் நுழைய வீட்டுக்கு ஒரு கையெழுத்து போதும். யாருடையது என்று கேட்க வேண்டாம்.

1962 ஆகஸ்ட் 16-இல் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. 1963-இல் இந்து திருமணச் சட்டத்தையும் காப்பாளர் சட்டத்தையும் இங்கே நீட்டித்தபோது, ரெனோன்சான்களுக்கு இவை பொருந்தாது என்று ஓர் உட்பிரிவைச் சேர்த்தார்கள். ஆகவே அவர்களுக்கு 1962-இல் நின்றுபோன பிரெஞ்சுச் சட்டம். 1970-இல் பிரான்ஸ் மனம் மாறி, தகப்பன் அதிகாரத்தை எடுத்துவிட்டுத் தாய்க்கும் சரிபாதி கொடுத்தது. 1975-இல் பரஸ்பர சம்மத விவாகரத்தையும் மறுபடி சேர்த்துக்கொண்டது. நம்மிடம் இருக்கும் புத்தகத்தில் இரண்டுமே இல்லை. வெள்ளையர் பகுதியில் ஒரு பழைய வீட்டைக் காப்பாற்ற எவ்வளவு சுண்ணாம்பும் எவ்வளவு பணமும் வேண்டியிருக்கிறது! பழைய தகப்பனைக் காப்பாற்ற ஓர் உட்பிரிவு போதும்.

மற்றவர்கள் மனம் வாடத் தேவையில்லை. டெல்லியும் தகப்பனைக் கைவிடவில்லை. 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், 6-ஆம் பிரிவில், இயற்கைக் காப்பாளர் தகப்பன், அவருக்குப் பிறகு தாய் என்கிறது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தன் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்கப் போனபோது தகப்பன் கையெழுத்து கேட்டார்கள். அவர் வழக்குப் போட்டார். தகப்பன் இறந்தால்தான் தாய் என்று அதைப் படிக்க வேண்டியதில்லை, அவர் பிள்ளையைக் கவனிக்காமல் இருந்தாலும் தாய்தான் காப்பாளர் என்று 1999-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்லவேளை, சட்டப் புத்தகத்தில் அந்தப் பிரிவின் ஓர் எழுத்தும் மாறவில்லை. பட்டம் பத்திரமாக இருக்கிறது.

இந்தப் பட்டத்தைச் சுமந்துகொண்டு புதுச்சேரியின் கடலூர் சாலை நீதிமன்ற வளாகத்துக்கு வரும் நம் காப்பாளரை இனி கண்ணாரப் பார்க்கலாம். வக்கீலிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி, “மாசம் எவ்வளவு சார் கொடுக்கணும்?” இரண்டாவது, “பையனை நானே வாங்கிட்டா கொடுக்க வேண்டாம்ல சார்?” அந்த இரண்டாவது கேள்வியில் பொங்கும் பாசத்தைக் கவனியுங்கள். அதுவரை உள்ளுக்குள்ளேயே வைத்திருந்த பாசம், ஜீவனாம்ச மனுவின் சம்மன் வந்த அதே வாரத்தில் கஸ்டடி மனுவாக வெளியே வருகிறது. நீதிமன்றம் ஒரு சம்மனால் இத்தனை பாசத்தைச் சுரக்கவைக்கும் என்று யார் நினைத்தார்கள்?

அவருடைய எழுத்துத் திறமையும் சாதாரணமல்ல. 2020 நவம்பரில் ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஜீவனாம்சம் கேட்கும் வழக்குகளில் இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்றது. இதில் நம்மவர் எழுதும் நடையைப் பாருங்கள். ஜீவனாம்ச வழக்கில் அவர் துறவி. கடை அம்மா பெயரில், கார் அண்ணன் பெயரில், சம்பளம் பாதி, கடன் இரட்டிப்பு. அவர் உயிரோடு இருப்பதே உறவினர் தயவு. கஸ்டடி வழக்கில் அவர் சீமான். பிள்ளைக்குத் தனி ஏசி அறை, பெரிய பள்ளிக்கூடம், வீட்டு வாசலில் கார். ஒரே மனிதர், ஒரே வளாகம், சில சமயம் ஒரே நாள். இந்த இரண்டு பேரும் வராந்தாவில் எதிரெதிரே சந்தித்தால் துறவிக்குச் சீமான் ஒரு டீ வாங்கிக் கொடுப்பார் என்று நம்பலாம்.

பிள்ளை சொத்தும் அல்ல, விளையாட்டுப் பொருளும் அல்ல என்று 1973-லேயே, ரோசி ஜேக்கப் வழக்கில், உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம்மவர் அதை முழு மனதோடு ஏற்றுக்கொண்டவர். சொத்தென்று நினைத்திருந்தால் அதையும் அண்ணன் பெயருக்கு மாற்றியிருப்பாரே.

தியாகத்திலும் குறைவில்லை. உத்தரவான பணத்தைக் கட்டாவிட்டால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய 125-ஆம் பிரிவு, 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தின் 144-ஆம் பிரிவு, ஒரு மாதம் வரை சிறை என்கிறது. “உள்ள போனாலும் போவேன், பத்து பைசா தரமாட்டேன்” என்று காலாப்பட்டுச் சிறையை நோக்கிப் புறப்படும் வீரர்கள் உண்டு. சிறைக்குப் போய் வந்தாலும் பாக்கி தீராது என்று 1989-லேயே தீர்ப்பு வந்துவிட்டதை அவர்களிடம் சொல்ல யாருக்கும் மனம் வருவதில்லை. வீரத்தைக் கணக்குப் பார்த்துக் கெடுக்கலாமா?

விசிட்டிங் நாளில் அவருடைய பொழுது இன்னும் இனியது. இரண்டு மணி நேரம். முதல் பத்து நிமிடம் சாக்லேட், போட்டோ. போட்டோ வழக்குக்கு வேண்டும். பிறகு விசாரணை: அம்மா யாரோடு பேசுகிறாள், தாத்தா என்ன சொன்னார், புது வண்டி யார் வாங்கியது. இவ்வளவு நுணுக்கமாகக் கேட்பவர் ஹோம்வொர்க்கைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. பிள்ளையின் படிப்பில் தலையிடாத பெருந்தன்மை!

இந்தப் பாராட்டுக்குக் கொஞ்சமும் தகுதியில்லாத சிலரும் அதே வராந்தாவில் இருக்கிறார்கள் என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டும். ஜீவனாம்சத்தை ஐந்தாம் தேதிக்குள் போட்டுவிடுகிறார்கள். வழக்காடும் கலையே தெரியவில்லை. பிள்ளைக்கு எந்த மாதம் இழுப்பு வரும், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று மனப்பாடமாகத் தெரியும். அதை எந்த மனுவில் எந்தப் பத்தியில் போடுவது என்று தெரியாது. பிரிந்திருக்கும் பெற்றோரோடு பிள்ளை வீடியோவில் பேச வழி செய்ய வேண்டும் என்று 2020-இல் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறதே என்று நம்பி மாலையில் போன் போடுகிறார்கள். எதிர்முனையில் அன்றைக்கும் நெட்வொர்க் இருக்காது. இடைக்கால மனு போட்டால் வாய்தா, நீதிபதி விடுப்பு என்றால் அடுத்த வாய்தா, அதற்குள் பிள்ளைக்கு ஷூ அளவு மாறிவிடுகிறது. இவர்களுக்காக 2015-இல் சட்ட ஆணையம் தன் 257-ஆவது அறிக்கையில் கூட்டுக் கஸ்டடிக்குச் சட்டத்தில் இடம் தரலாம் என்று பரிந்துரைத்தது. டெல்லி அதை ஒரு கீறல் விழாமல் வைத்திருக்கிறது. கையாண்டால் அல்லவா அழுக்காகும்! பட்டம் கொடுத்தாயிற்று, பிள்ளையோடு இருக்க நேரமும் கொடு என்றால் எந்த அரசாங்கம்தான் தாங்கும்?

நம் காப்பாளருக்கு அந்த அவசரமில்லை. காலம் அவர் பக்கம். பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்ததும் கஸ்டடி மனு தானாகச் செத்துப்போகும். தோற்காமலே முடித்த வழக்கு என்று சொல்லிக்கொள்ளலாம். பெண் பிள்ளை என்றால் மட்டும் சிறு சங்கடம். தன்னைத் தானே காத்துக்கொள்ள முடியாத, மணமாகாத இந்துப் பெண், வயது வந்த பிறகும் தகப்பனிடம் பராமரிப்புக் கேட்கலாம் என்று 2020 செப்டம்பரில், அபிலாஷா வழக்கில், உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த மனுவில் தாயின் பெயர் இருக்காது. மகளே கையெழுத்துப் போட்டு, விசிட்டிங் உத்தரவு ஏதும் இல்லாமல், அப்பாவைப் பார்க்கக் கடலூர் சாலைக்கு வந்து நிற்பாள்.